வெள்ளிக்கிழமைப் பதிவு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி நெருங்கினால் ரஹ்மத்துன்னிசாவுக்குக் கை வேலையில் நிற்காது. கம்பளி நூலும் கொக்கி ஊசியும் மடியில் கிடக்கும். கண் வாசல் பக்கம் போய்ப் போய் வரும். கணவன் சஃபீர் மவுத்தாகி ஒரு மாதம் கழிந்துவிட்டது. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தவள் சுசித்ரா ஒருத்திதான். அவள் கையிலிருக்கும் போனை நினைத்தாலே ரஹ்மத்துன்னிசாவுக்குப் பயம்.

கொடைக்கானலை அடுத்த அட்டுவம்பட்டியில், சாலையிலிருந்து கீழே இறங்கும் சரிவில் இருந்தது அந்த வாடகை வீடு. முன்னறை, உள்ளறை, அடுப்படி. சீசன் நேரம். மேலே சாலையில் திருச்சி வண்டியும் கேரளத்து வண்டியும் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்தன. பத்து மணிக்கு மேல் மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துவிடும். போன வருஷம் இதே நேரம் அந்த ஜன்னலடியில் வெள்ளை சார்ட் பேப்பர் விரித்து, மேகம் வருவதற்குள் பொம்மைகளைப் படம் எடுத்து முடிக்கப் புருஷனும் பெண்டாட்டியும் பறந்துகொண்டிருந்தார்கள்.

அவள் செய்வது காட்டெருமை பொம்மை. கறுப்பு நூலில் உடம்பு, பழுப்பில் நெற்றி, முழங்காலுக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளை. கொடைக்கானல் தெருக்களில் இரவில் இறங்கி வந்து குப்பையைக் கிளறும் எருமைகளுக்கு அப்படித்தான் கால் இருக்கும். பஞ்சை இறுக்கித் திணித்துக் கழுத்தைத் தைக்கும்போது விரல் நுனி காய்த்துப் போகும். ஏரிக்கரைக் கடைகளில் கொடுத்தால் கடைக்காரர் சொன்னதுதான் விலை. அப்படி இருந்தவளுக்கு வலைப்பதிவு எழுதக் கற்றுக்கொடுத்தவள் சுசித்ரா.

நூலும் பாசிமணியும் விற்கும் சின்னக் கடை அவளுடையது. ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு, கைவேலை செய்யும் பெண்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுப்பாள். "ஃபோட்டோவுக்கு ஃபிளாஷ் போடாதீங்கக்கா, ஜன்னல் வெளிச்சம் போதும். பொம்மை பக்கத்துல ஒரு டம்ளர் வைங்க, சைஸ் தெரியும். உங்க முகமும் ஒரு படத்துல வரணும், யாரு செஞ்சான்னு தெரிஞ்சாத்தான் நம்பி வாங்குவாங்க. வாரம் ஒரே நாள், ஒரே டைம் போடுங்க. டூரிஸ்ட்டெல்லாம் சனி ஞாயிறுக்குத்தான் பிளான் பண்றாங்க, வெள்ளிக்கிழமை காலையில போட்டா கரெக்டா இருக்கும். இன்னைக்கு நடந்த மாதிரி எழுதுங்க, படிக்கிறவங்க கூடவே இருக்குற மாதிரி இருக்கும்."

இன்னொன்றும் சொன்னாள். சீசனில் எழுத நேரம் கிடைக்காது. அதனால் மார்ச்சிலேயே எல்லாவற்றையும் எழுதித் தேதி குறித்து வைத்துவிட வேண்டும். குறித்த நாளில் அதுவே வெளியாகும். ரஹ்மத்துன்னிசா அப்படியே செய்தாள். சொன்னதில் ஒன்றை மட்டும் செய்யவில்லை. கணக்கு உங்கள் பெயரிலும் உங்கள் நம்பரிலும் இருக்கட்டும் என்று சுசித்ரா சொல்லியிருந்தாள். அவளிடம் இருந்தது பொத்தான் போன். படம் எடுத்தது, எழுதியது எல்லாம் சஃபீரின் போனில். புருஷன் நம்பர் இருக்கும்போது தனக்கு எதற்குத் தனி நம்பர் என்று விட்டுவிட்டாள்.

சஃபீருக்கு ஜீப் ஓட்டும் வேலை. ஏப்ரலில், ஜீப் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. பிள்ளை இல்லாத வீடு. நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் அவள் உட்கார்ந்தாள். மார்ச்சில் எழுதி வைத்ததெல்லாம் வெள்ளிக்கிழமை தோறும் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது.

கதவு தட்டும் ஓசை கேட்டது. சுசித்ரா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து போனை நீட்டினாள்.

படத்தில் கூக்கால் ஏரி. மஞ்சள் சால்வை போட்டுக்கொண்டு, கையில் பொம்மையோடு ரஹ்மத்துன்னிசா சிரித்துக்கொண்டு நின்றாள். கீழே அவள் எழுத்து: 'இன்று காலை கூக்கால் போனோம். ஏரிப் பக்கம் ஒரு காட்டெருமை ஜீப்பை மறித்துக்கொண்டு நகரவே இல்லை. டிக்கெட் கேட்கிறது என்றார் என் வீட்டுக்காரர்.'

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கா, ராத்திரி மறுபடி ட்ரை பண்ணிப் பாத்தேன். பாஸ்வேர்டு மாத்தணும்னா அண்ணன் நம்பருக்குத்தான் கோட் போகுது. கம்பெனிக்கும் எழுதிப் போட்டிருக்கேன், பதிலே இல்ல. அந்தப் போனு வந்தா ரெண்டு நிமிஷ வேலைக்கா. ஆயக்குடியில அண்ணனோட அக்காவக் கேட்டீங்களா?"

"கேட்டேன். ஒரு சோலி இருக்கு, போனக் குடுத்துவிடுங்க மதினின்னேன். விடுறேன்னாங்க. விடல."

"என்ன சோலின்னு சொன்னீங்களா?"

ரஹ்மத்துன்னிசா இல்லையென்று தலையசைத்தாள். சஃபீரின் அக்கா சபுரா, மய்யித்தை எடுத்த அன்று தம்பியின் போனை மடியில் வைத்தவள்தான். ஊருக்குப் போகும்போது கையோடு கொண்டுபோனாள். அதில் அவன் அவளுக்கு அனுப்பிய குரல் பதிவுகள் இருந்தன; அவள் போனில் அவை எப்போதோ அழிந்துபோயிருந்தன. அக்கா, வத்தலக்குண்டு தாண்டிட்டேன். அக்கா, மழை பெய்யுது, மாத்திரை போட்டியா. அதைத்தான் அவள் ராவும் பகலும் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். அப்படிப்பட்டவளிடம் போய், நான் ஊர் சுற்றிச் சிரிக்கிற படம் வந்துகொண்டிருக்கிறது, நிறுத்த வேண்டும் என்று எப்படிச் சொல்வது? கூச்சத்தில் மறைத்தது அவள் செய்த தவறு. துக்கத்தில் இருப்பவர்களுக்கு இப்படிப்பட்ட தவறு சுலபமாக நேர்ந்துவிடுகிறது.

"எல்லாம் என்னாலதான்க்கா. இன்னைக்கு நடந்த மாதிரி எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன்."

"நீ பொழைக்கத்தான சொல்லிக்குடுத்த. சாகுறதுக்கா சொல்லிக்குடுத்த. உக்காரு, சுக்குக் காபி போடுறேன்."

மறுநாள் சாயங்காலம் பொத்தான் போன் அடித்தது. சபுராவின் கணவர் நசுருதீன். ஆயக்குடியில் கொய்யா மண்டி வைத்திருப்பவர். சத்தம் போட்டுப் பேசும் மனிதர், அன்றைக்கு மெதுவாகப் பேசினார்.

"நாளைக்கு மேல வர்றோம்மா. குடும்பக் குரூப்புல ஒண்ணு வந்திருக்கு. நேர்ல பேசிக்கிருவோம்." அவ்வளவுதான் சொன்னார்.

அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. தொழுகைப் பாயிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கேட்பதற்கு எவ்வளவோ இருந்தும் 'யா அல்லா, என் பேரைக் காப்பாத்து' என்ற ஒன்றுதான் வாயில் வந்தது.

பழனிப் பாதையில் சீசன் நெரிசல். வெள்ளனே கிளம்பியவர்கள் வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. நசுருதீன் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்தார். ரஹ்மத்துன்னிசா உள்ளறைத் திரைக்குப் பின்னால் நின்றாள். சபுரா இரண்டுக்கும் நடுவே, நிலைப்படியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துகொண்டாள். நல்ல உயரமான பெண் அவள். இப்போது அரை ஆளாகியிருந்தாள். கொண்டுவந்த கொய்யாப் பை மூலையில் கட்டவிழ்க்காமல் கிடந்தது.

"எங்க தம்பி மகன்தான் மொதல்ல பாத்திருக்கான்" என்றார் நசுருதீன். "பெரியப்பா, மாமி கூக்கால்ல நிக்குறாங்கன்னு போட்டுட்டான். அதுக்குக் கீழ ஆளாளுக்கு எழுதுறாங்க. மண்டிக்கு வர்றவன்லாம் என்னையக் கேக்குறான். நான் என்னான்னு சொல்ல?"

"அண்ணே, நான் வாசப்படி தாண்டலண்ணே."

"படம் இருக்கேம்மா. இன்னைக்குன்னு எழுதிருக்கே."

"அது மார்ச்சுல எழுதுனது."

"மார்ச்சுல எழுதுனது மே மாசம் எப்புடி வரும்? நீ கை வைக்காம அது பாட்டுக்கு எழுதுமா?"

சபுரா தலையைத் தூக்கவே இல்லை. "கூக்காலுக்குப் போனா போயிட்டுப் போறா" என்றாள் தரையைப் பார்த்து. "என் தம்பி பேசுற மாதிரி எழுதிருக்காளே, அதுதான் என் நெஞ்சு ஆறல. டிக்கெட்டு கேக்குதுன்னானாம். மண்ணுக்குள்ள கெடக்கவன் எந்திரிச்சு வந்து சொன்னானா? பொம்மை விக்க அவன் வாய் வேணுமா உனக்கு?"

நசுருதீன் கையைக் காட்டி அவளை அமர்த்தினார்.

"இத்தா முடியட்டும்" என்றார் நசுருதீன். "வீட்ட ஒப்படைச்சுட்டு ஆயக்குடிக்கு வந்துரும்மா. மாடியில ரூமு கெடக்கு. சோத்துக்குக் கொறை இல்ல. இந்த எழுத்தும் வேணாம், பொம்மையும் வேணாம். பேச்சு தானா அடங்கும்."

அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை அவர். கரையேற்றுகிறவன் தண்ணீரில் கிடப்பவளைக் கேட்டுக்கொண்டா இழுப்பான்? ஆனால் ரஹ்மத்துன்னிசாவும் சஃபீரும் குடித்தனம் நடத்திய வீடு அது ஒன்றுதான். அவள் கையால் சம்பாதித்த பெயரும் ஒன்றுதான். இரண்டும் ஒரே பேச்சில் போய்விடும் போலிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்குறேன், கோவிக்கக் கூடாது" என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. "நீங்க இன்னைக்குச் சாயங்காலம் காய ஏத்தி லாரிய அனுப்புறீங்க. அது எப்ப மெட்ராஸ்ல எறங்கும்?"

"விடியக்காலம் எறங்கும்."

"எறங்குற நேரம் நீங்க தூங்கிக்கிட்டுதான இருப்பீங்க?"

"ஆமா."

"ராத்திரியோட ராத்திரியா உங்க வீட்ல ஒரு துக்கம்னு வைங்க. லாரி நிக்குமா? காய் எறங்கத்தான செய்யும்? துக்க வீட்டுக்காரன் வியாபாரம் பண்றாம் பாருன்னு அங்க எவனாச்சும் சொன்னா, நியாயமாண்ணே?"

நசுருதீன் தொப்பியைக் கழற்றித் தொடைமேல் வைத்தார்.

"அப்ப இது ஏத்தி விட்ட லோடு."

"ஆமாண்ணே. அவர் இருக்கையில ஏத்தி விட்டது. வாராவாரம் எறங்குது. நிறுத்த எனக்கு வழி இல்ல. சாவி அவரு போனுல கெடக்கு."

சபுராவின் கை தானாக இடுப்புக்குப் போனது. சேலை மடிப்பில் செருகியிருந்த போனை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்குத்தான் போனக் கேட்டியா?"

"ஆமா மதினி."

"வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? சொல்ல வேண்டியதுதான?"

"வெக்கமா இருந்துச்சு மதினி."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அவன் பேசுனத அழிச்சுப்புட்டு வித்துருவன்னு நெனச்சேன். அதான் குடுக்கல." சபுரா மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு கிறுக்கச்சிக."

சுசித்ராவைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள். சபுரா போனைக் கொடுக்கும்போது, "குரல் அழிஞ்சிராதுல்லம்மா?" என்று மூன்று முறை கேட்டாள்.

"அழியாதும்மா. மொதல்ல அதையெல்லாம் எடுத்து வேற எடத்துலயும் சேவ் பண்ணிர்றேன். இந்தப் போனு தண்ணியில விழுந்தாலும் உங்க தம்பி குரல் போகாது. அதுக்கப்புறந்தான் மத்ததைத் தொடுவேன்."

அதைச் செய்து, சபுராவின் போனில் ஒரு முறை ஓடவிட்டும் காட்டினாள். அக்கா, மாத்திரை போட்டியா. சபுரா தலையாட்டினாள். பிறகுதான் சுசித்ரா வலைப்பதிவைத் திறந்தாள். கோட் வந்தது. கணக்கு ரஹ்மத்துன்னிசாவின் பெயருக்கு மாறியது. வெளியாக வேண்டியவை இன்னும் சில வரிசையில் நின்றன.

"அழிச்சிரட்டுமாக்கா?"

"இரும்மா" என்றாள் சபுரா. "என்னா எழுதிருக்குன்னு வாசி."

சுசித்ரா வாசித்தாள். ஒன்று நூல் வாங்கும் விஷயம். இன்னொன்று பொம்மையைத் துவைப்பது எப்படி என்று. மூன்றாவதில் வந்து நின்றாள்.

'குட்டி எருமை ஒன்றுக்கு மூன்று காலில்தான் வெள்ளை வைத்திருக்கிறேன். நாலாவதை மறந்து கறுப்பாகவே பின்னிவிட்டேன். என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு சாக்ஸை மட்டும் துவைத்துக் காயப் போட்டிருக்கிறாயா என்று கேட்டார். அதனால் அதைப் பிரிக்கவில்லை. அது விற்பனைக்கு இல்லை.'

சபுராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள். சிரிப்பு அழுகையாக மாறித் தோள் குலுங்கியது. திரையை விலக்கி ரஹ்மத்துன்னிசா கையை நீட்டினாள். சபுரா அதைப் பிடித்துக்கொண்டாள். நசுருதீன் எழுந்து வாசலுக்குப் போய், மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவனேதான்" என்றாள் சபுரா. "சின்னப் புள்ளையிலயும் இப்புடித்தான், ஆளு அழுதுக்கிட்டிருந்தாலும் ஒண்ணு சொல்லிச் சிரிக்க வச்சிருவான். ஏ ரகுமத்து, இதை அழிக்காத. வர்ற வெள்ளிக்கிழமை இது போகட்டும். ஒரு நாளாச்சும் அவன் பேசட்டும்."

"இப்படியே போட்டா அவரு இருக்காருன்னுதான மதினி நெனப்பாங்க. அது பொய்யில்லையா?"

"அப்ப உள்ளதச் சொல்லிப்புட்டுப் போடு."

மூன்று பெண்களும் உட்கார்ந்து எழுதினார்கள். எழுதியதை விட அழித்தது அதிகம். 'மரணச் செய்தி' என்று தலைப்பு வைக்கலாமா என்று சுசித்ரா கேட்டாள். வேண்டாம், அது போஸ்டர் மாதிரி இருக்கு என்றாள் சபுரா. கடைசியில் தலைப்பு இல்லாமலே நின்றது. 'என் கணவர் சஃபீர் ஏப்ரலில் இறைவனிடம் போய்ச் சேர்ந்தார். நான் இத்தாவில் இருக்கிறேன். இந்த வாரங்களில் நீங்கள் படித்ததெல்லாம் அவர் இருந்தபோது எழுதி வைத்தவை. யார் மனமாவது புண்பட்டிருந்தால் மன்னியுங்கள். பொம்மை கேட்டவர்களுக்குத் தாமதமாகும். அவர் சொன்ன ஒன்று கீழே இருக்கிறது.'

"வெள்ளிக்கிழமையே வரட்டுங்க்கா" என்றாள் சுசித்ரா. "அன்னைக்குத்தான் எல்லாரும் வந்து பாப்பாங்க. உங்க குரூப்புல இருக்குறவங்களும் பாப்பாங்க."

"குரூப்புல நான் இன்னைக்கே சொல்லிர்றேன்" என்றார் வாசலிலிருந்து நசுருதீன். "லோடு கதையத்தான் சொல்லணும். மண்டிக்காரனுகளுக்கு அப்பத்தான் வெளங்கும்."

அன்று மலைப்பூண்டு ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும் சோறும். பசி இல்லை என்று சொன்ன எல்லோரும் இரண்டாம் முறை ரசம் வாங்கிக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்து நசுருதீன் கிளம்பினார். சபுரா எழுந்திருக்கவில்லை.

"நீ வரல?"

"நீங்க போங்க. இவ தனியாக் கெடக்கா."

"மாத்து சேலைகூட எடுத்தாரல."

"இவ சேலை இருக்கு."

"மண்டிச் சாப்பாட்டுக்கு நான் எங்க போக?"

"பழனியில ஓட்டலா இல்ல? மலைக்கு வர்ற சனமெல்லாம் பட்டினியாவா போகுது?"

அவர் திரைப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "ஆயக்குடிக்கு வர்றதப் பத்தி ஒண்ணும் நெனச்சுக்கிராதம்மா. உனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பாத்துக்கலாம். தோணாட்டியும் ஒண்ணுமில்ல." பாதி மேடு ஏறியவர் திரும்பி வந்து, "அந்தக் கொய்யாவ வெரசாத் தின்னுருங்க, கனிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடுவில் வந்த நாட்களில் மழை விடாமல் பெய்தது. ஓட்டில் ஒழுகிய இடத்தில் பாத்திரம் வைத்தார்கள். ரஹ்மத்துன்னிசா தாமதமான பொம்மைகளைப் பின்னினாள். சபுரா பஞ்சு திணித்தாள். முதலில் திணித்தவை வயிறு உப்பி நின்றன. "சென எருமை" என்று அவளே சொல்லி, பிரித்து மறுபடி திணித்தாள். ஒருத்தி அழுதால் மற்றவள் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். ஆறுதல் சொல்லத் தெரியாதவர்களுக்கும் இறைவன் இப்படி ஒரு வழி வைத்திருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பத்து மணி தாண்டியது. சீசன் வண்டிகளின் சத்தம் மேலே கேட்டது. சஃபீரின் போன் ஒரு முறை ஒலித்தது. பிறகு விட்டு விட்டு ஒலித்துக்கொண்டே இருந்தது. ரஹ்மத்துன்னிசா அதைத் தொடவில்லை.

"நீங்க பாருங்க மதினி. எனக்குப் பயமா இருக்கு. வஞ்சு திட்டி எழுதியிருந்தா சொல்லாதீங்க."

சபுரா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். யாரோ பெங்களூரிலிருந்து, பொம்மைக்கு அவசரமில்லை அக்கா என்று எழுதியிருந்தார்கள். துஆச் செய்கிறோம் என்று ஒருவர். கோயிலில் விளக்கேற்றினேன் என்று ஒருவர். குடும்பக் குரூப்பில் முதலில் படம் போட்ட பையன், மன்னிச்சிருங்க மாமி என்று மட்டும். அடுத்தது நீளமாக இருந்தது. சேலத்துப் பெண் ஒருத்தி எழுதியது. சபுராவின் வாசிப்பு மெதுவாகியது.

'போன டிசம்பரில் மன்னவனூர் போகும் வழியில் என் அப்பாவுக்கு மூச்சுத் திணறியது. ஜீப் ஓட்டியவர் அப்படியே வண்டியைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். தன் ஸ்வெட்டரைக் கழற்றி அப்பாவுக்குப் போட்டுவிட்டார். ராத்திரி முழுக்கக் கூடவே இருந்தார். உங்களுக்கு என்ன செய்வது என்று கேட்டோம். ஒன்றும் வேண்டாம், என் வீட்டம்மா எழுதுறாங்க, நேரம் இருந்தா படிங்க என்றார். அன்றிலிருந்து படிக்கிறேன். அப்பா நன்றாக இருக்கிறார். அந்த ஸ்வெட்டர் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது.'

சபுரா கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஸ்வெட்டர் எங்கன்னு கேட்டதுக்கு, ஜீப்புல எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்னு சொன்னாரு மதினி" என்றாள் ரஹ்மத்துன்னிசா. "பாத்து வச்சிக்கத் தெரியாதான்னு நான் ரெண்டு நாளு பேசல."

"பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்."

"ஆமா."

மழை விட்டிருந்தது. சாலையில் ஒரு வண்டிக்காரன் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தான். சபுரா மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"இதுக்குப் பதில் எப்புடிப் போடுறது?"

"கீழ ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதத் தொட்டா எழுத்து வரும்."

"என்னான்னு எழுத?"

"உங்களுக்குத் தோணுறத எழுதுங்க மதினி."

சபுரா ஒற்றை விரலால் தட்ட ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடி, தப்பாக விழுந்ததை அழித்து அழித்து எழுதினாள். வெகுநேரம் ஆயிற்று. ரஹ்மத்துன்னிசா ஊசியை எடுத்துக் காத்திருந்த பொம்மையின் கழுத்தைத் தைத்து முடித்தாள். நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தபோது, சபுரா போனை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

'நான் சஃபீருடைய அக்கா. படித்தேன். ஸ்வெட்டர் உங்க அப்பா போட்டுக்கிறட்டும். அங்க குளிர் இருக்கா?'

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு மதினி. அனுப்புங்க."